இருபத்தாறு பேர்ச்சஸ்

நில அளவையாளருக்கு நான் டேப் பிடிக்கிறவன்.
பூஜ்ஜியத்தைப் பிடி என்றால் பூஜ்ஜியத்தைப் பிடிப்பேன்.
மழையில் நாடா தொய்ந்தால் இழுப்பேன்.
யாருக்காக அளக்கிறோம் என்று கேட்பது
என் வேலைக் கடிதத்தில் இல்லை.

தம்பிக்குக் கல்யாணமான அன்று இரவு
காம்பராவின் நடுவில் அம்மாவின் சேலை திரையானது.
புதுப்பெண் தன் இருமலைக்கூட
தலையணையில் புதைத்துக்கொண்டாள்.
அவர்களுக்கு ஒரு மணி நேரம் கொடுக்க
நானும் மனைவியும் மகளும் பீலியடியில் நின்றோம், குளிரில்.
அப்பா கோயில் பக்கம் போயிருந்தார்.
அம்மா எங்கே போனாள் என்று
இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காம்பராவை அளந்தேன்.
பத்துக்குப் பன்னிரண்டு.
அரைப் பேர்ச்சஸுக்கே பதினாறு சதுர அடி குறைவு.

கணக்கப்பிள்ளையிடம் கேட்டேன்.
"நெலம் அரசாங்கத்துது,
குத்தகை கம்பெனிக்கு,
லயம் வேலைக்கு வர்றவனுக்கு" என்றார்.
அப்புறம் மனுஷன்? என்றேன்.
செக்ரோலைத் திறந்து பெயர்களைச் சரிபார்க்கத் தொடங்கினார்.

தொங்கல் வீட்டுச் சிவனு
பின்னால் நாலு தகரம் இழுத்து ஓர் அறை போட்டான்.
ஆணி துருப்பிடிக்குமுன்னே கடிதம் வந்தது.
வங்கிக்குப் போனான். உறுதி இருக்கா என்றார்கள்.
நாலு தலைமுறை இருக்கு என்றான்.
அதை ஈடு வைக்க முடியாதாம்.

மலை பிளந்த ஐப்பசியில்
லயத்துச் சுவரில் ஒரு காகிதம் ஒட்டினார்கள்.
சிங்களத்தில் இருந்தது, மகள் எழுத்துக்கூட்டிச் சொன்னாள்:
இங்கே குடியிருப்பது ஆபத்து.
பசை காயுமுன் உரித்துத் திருப்பிப் பார்த்தேன்,
எங்கே குடியிருக்கலாம் என்று
பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று.
ஒன்றுமில்லை. திரும்ப ஒட்டிவிட்டேன்.

வீடே கட்டவில்லை என்று சொல்ல மாட்டேன்.
மேக்கணக்கு உச்சியில் இருபது வீடு, இளநீலச் சுவர்.
அங்கேயும் நான்தான் டேப் பிடித்தேன்.
தேயிலை விளையாத சரிவு, ஊற்றுக்கு மேலே,
தண்ணீர் ஏறாது என்று எனக்கே தெரியும்.
பூஜ்ஜியத்தைப் பிடி என்றார்கள், பிடித்தேன்.
சாவி கொடுத்தபோது கைதட்டினோம்.
குடம் சுமந்து சுமந்து
எட்டுக் குடும்பம் லயத்துக்கே திரும்பிவிட்டது.

அடுத்த கூட்டத்தில் பவளராணி எழுந்தாள்.
பறித்த கொழுந்தின் கறை விரலில் போகவில்லை.
"வீட்ட அப்புறம் குடுங்க சார்.
மொதல்ல நெலத்த எழுதுங்க,
பொம்பள பேரையும் சேத்து எழுதுங்க.
தண்ணி எங்கன வரும்னு எங்களக் கேளுங்க.
செவரு நாங்க எழுப்பிக்குவோம்.
இந்த லயத்துக்குக் கல்லு சொமந்தது யாரு, தொரையா?"
சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.
குறிப்பெடுத்தவர்
பேனாவை மூடி வைத்திருந்ததைக் கவனித்தேன்.

பங்களாவுக்குக் கீழே டென்னிஸ் கோர்ட் இருக்கிறது.
நான் பிறந்த பிறகு அங்கே யாரும் பந்தடித்ததில்லை.
வலைக்கம்பத்தில் கன்றுக்குட்டி கட்டுகிறார்கள்.
தோட்டத்திலேயே மட்டமான தரை அதுதான்,
எந்த மழைக்கும் நகராத மண்.

ஞாயிற்றுக்கிழமை டேப்பை எடுத்துப் போனேன்.
மறுமுனை பிடிக்க ஆளில்லை,
கம்பத்தில் முடிந்துவிட்டு இழுத்தேன்.
அறுபது அடிக்கு நூற்றிருபது.
இருபத்தாறு பேர்ச்சஸும் கொஞ்சமும்.
ஏழு ஏழாக மூன்று வீடு,
மிச்சத்தில் பீலியும் துணி காயப்போட ஒரு கொடியும்.
மூன்று வீட்டால் லயம் காலியாகாது, தெரியும்.
ஆனால் கைவிட்ட தேயிலை மலை இன்னும் எத்தனை,
புதர் மண்டி, மட்டமாக, ஊற்றுக்குக் கீழே.
அவற்றை யாரும் அளக்கச் சொல்லவில்லை.

அளவைக் களப்புத்தகத்தில் பென்சிலால் எழுதிவைத்தேன்.

திங்கட்கிழமை ஜயசுந்தர மாத்தயா பக்கம் புரட்டினார்.
நின்றார். என் கையெழுத்து அவருக்குத் தெரியும்.
கண்ணாடியைத் துடைத்து மறுபடி படித்தார்.
"நாற்புறமும் எல்லை எழுதலியே,
எல்லை இல்லாம இது அளவையா?" என்றார்.

அழிரப்பர் அவர் பையில்தான் இருந்தது.
எடுக்கவில்லை.
மையிலும் எழுதவில்லை.

இந்த ஞாயிறு எல்லை எழுதப் போகிறேன்.
மறுமுனை பிடிக்க
பவளராணி வருகிறேன் என்றிருக்கிறாள்.